அக்காவிடம் அந்த 'லண்டன் டாக்டரை'ப் பற்றிப் பேசாதீர்கள், கணக்கு எண்ணைப் பற்றிப் பேசுங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அக்காவுக்கு 41 வயது, திருமங்கலம் பக்கம் ஆசிரியை. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மறுமணத்துக்காக ஒரு திருமணத் தளத்தில் பதிந்திருந்தார். லண்டனில் எலும்பு மருத்துவர், மனைவியை இழந்தவர், பூர்வீகம் மதுரைப் பக்கம் என்று ஒருவர் வந்தார். இரண்டரை மாதமாக வாட்ஸ்அப்பில் பேச்சு. போன வாரம் தங்கச் சங்கிலி, ஐபோன், பவுண்டு நோட்டுகள் எல்லாம் பார்சலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நேற்று மதியம் 'டெல்லி கஸ்டம்ஸ்' என்று ஒரு பெண் கூப்பிட்டு 38,500 ரூபாய் வாங்கிவிட்டார். இன்று இன்னும் 1,45,000 கேட்கிறார். அக்கா நகையை அடகு வைக்கக் கிளம்புகிறார். இது மோசடியா, போன பணம் திரும்புமா, அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? இதுதானே கேள்வி.

மோசடிதான். சந்தேகமே வேண்டாம்.

மீதியைப் படிப்பதற்கு முன்னால் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய உள்துறை நடத்தும் சைபர் நிதி மோசடி உதவி எண் அது. பணம் நேற்று போயிருக்கிறது என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சரி. நான் 30 வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவள், கடைசிப் பத்து வருஷம் மதுரையிலேயே கிளை மேலாளர். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்று ஆராய்ந்தால் கரை சேரவே முடியாது. பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்று மட்டும் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

இதை நான் நல்ல விலை கொடுத்துத்தான் கற்றேன். 2018 என்று ஞாபகம், மாத முதல் வாரம், ஓய்வூதியக் கூட்டம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இரண்டு லட்சத்துச் சொச்சம் ஆர்டிஜிஎஸ் அனுப்பப் படிவத்தை நீட்டினார். "யாருக்கு சார்?" என்றேன். "கனடால இருக்கிற சொந்தக்காரப் பொண்ணுக்கு, அவசரம்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது அவர் அனுப்பிய மூன்றாவது தொகை என்பதும், அந்தப் 'பொண்ணை' அவர் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்தவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "மேடம், படிவத்துல ஆம்பளை பேரு இருந்துச்சு. கனடா பொண்ணுக்கு எதுக்கு இந்தியாவுல ஆம்பளை பேருல கணக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாம். அதன் பிறகு கேட்காமல் விட்டதில்லை.

இப்போது அக்காவிடம் வருவோம். 38,500 எந்தக் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். வங்கி ஆப்பிலோ யூபிஐ ஆப்பிலோ பெறுபவர் பெயர் இருக்கும். ஐஎஃப்எஸ்சி குறியீடு இருந்தால் இன்னும் நல்லது. அதில் முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. ரிசர்வ் வங்கியின் தளத்தில் போட்டால் எந்த ஊர்க் கிளை என்று காட்டிவிடும். பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது யாரோ ஒரு தனி ஆளின் பெயரும், டெல்லி விமான நிலையத்துக்கும் சுங்கத் துறைக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் ஊரும்தான். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன்பும் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அதனால் இப்போது அனுப்புவதற்கு முன்னாலேயே பெயர் கண்ணில் படுகிறது. பார்ப்பதுதான் இல்லை.

அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி எதுவும் தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகாது. தபாலில் வரும் வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி விழுந்தால், பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரரே ரசீதோடு வாங்கிக்கொள்வார். கூரியரில் வந்தால் கூரியர் நிறுவனம் பில் போடும். சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் யாரும் சோதிக்கலாம். 'பண மோசடி தடுப்புச் சான்றிதழ்' என்று ஒன்றுக்குத்தான் இப்போது 1,45,000 கேட்கிறார்கள் என்றால், அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இல் வந்தது, அமலாக்கத் துறை இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. இதைக் கட்டினால் அடுத்து 'இன்சூரன்ஸ்', அதற்கடுத்து 'நோட்டு மாற்றும் கட்டணம்', கடைசியில் "கட்டாவிட்டால் கைது". இதன் வரிசை எனக்கு மனப்பாடம்.

இப்படிக் கூப்பிட்டு மிரட்டினால், வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாகச் சொல்லும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் அதைச் சொன்னார். பயம் வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

அடுத்து, அந்த ஆளை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது. நம் ஊரில் பெண் கொடுப்பதென்றால் என்ன செய்வோம்? ஜாதகம் பொருந்திய பிறகும் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒருவர் சத்தமில்லாமல் போய், டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தத் தெருவுல இன்னார் வீடு எது?" என்று ஆரம்பிப்பார். குடிக்கிறானா, கடன் இருக்கிறதா, பங்காளிச் சண்டை உண்டா என்பதெல்லாம் ஒரு கிளாஸ் டீயில் தெரிந்துவிடும். திருமணத் தளத்தில் காணாமல் போனது அந்த டீக்கடைதான். தளங்கள் பதிவு செய்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனிலேயே வழிகாட்டுதல் தந்தது. ஆனால் செல்போன் எண் உண்மையானது என்பதும் ஆள் உண்மையானவர் என்பதும் ஒன்றல்ல. தளத்தில் பச்சை டிக் இருப்பதை வைத்து விசாரணை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

பூர்வீகம் மதுரை என்கிறானே, அதுதான் நமக்கு வசதி. குலதெய்வம் எது, சிவராத்திரிக்கு எந்த ஊர்க் கோயிலுக்குப் போவார்கள், அங்கே சாமிப் பெட்டி தூக்குவது எந்த வகையறா என்று அக்கா கேட்கட்டும். அம்மா வழியில் தாய்மாமன் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும். உசிலம்பட்டிக்காரனோ மேலூர்க்காரனோ எத்தனை வருஷம் லண்டனில் இருந்தாலும் இதற்குப் பதில் தெரியாமல் இருக்காது. ஏமாற்றுபவன், "சின்ன வயதிலேயே அப்பா அம்மா விபத்தில் போய்விட்டார்கள், எனக்கு உறவே கிடையாது" என்பான். அநேகமாக ஏற்கெனவே சொல்லியிருப்பான். நேரில் விசாரிக்க ஒரு சொந்தம்கூட மிஞ்சாதபடி ஒருவன் தன் கதையைக் கட்டினால், அது சோகக் கதை என்பதற்கு முன்னால் வசதியான கதை.

எழுத்து நடையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் "என் இனிய அன்பே, நீ உணவு உட்கொண்டாயா" என்று செய்தி வரும். மதுரையில் எவனும் பெண்டாட்டியிடம் அப்படிக் கேட்டதில்லை, "சாப்ட்டியா" என்பதோடு முடிந்துவிடும். அதைப் பார்த்தே சிரித்துத் தள்ளிவிடலாம். இப்போது இயந்திரங்கள் நன்றாகவே தமிழ் எழுதுகின்றன, அதனால் இந்த அடையாளம் செல்லாது.

டாக்டர் என்பதைச் சோதிப்பது சுலபம். பிரிட்டனில் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயரைத் தேடுங்கள். இல்லை என்றால் கதை முடிந்தது. இருந்தால்? உண்மையான டாக்டரின் பெயரையும் படத்தையும் திருடியிருக்கலாம். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து விசாரிக்க வேண்டும். அவன் கொடுக்கும் எண்ணில் கூப்பிட்டால் அவன் கூட்டாளிதான் எடுப்பான். புகைப்படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு பெயரில் வேறு நாட்டு ஆள் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதால் படம் அசல் என்று ஆகிவிடாது. வீடியோ காலும் அப்படித்தான். மங்கலாக ஒரு நிமிஷம் முகம் காட்டிவிட்டு "நெட்வொர்க் சரியில்லை" என்பது பழைய வழி. இப்போது இன்னொருவர் முகத்தை நேரலையிலேயே ஒட்ட முடிகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முகத்தைச் சோதிப்பதைவிடக் கணக்கைச் சோதிப்பது எளிது.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. அக்காவிடம் பேசுவது.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்தியது: "படித்தவள் இப்படி ஏமாறலாமா?" தம்பி, என் கிளைக்கு வந்து அழுதவர்களில் படிக்காதவர் குறைவு. வங்கிக் கணக்கில் பணமும், செல்போனும், கொஞ்சம் தனிமையும் இருப்பவர்களைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். படிப்பு அதற்கு மருந்து இல்லை. ஆறு வருஷத்தில் அக்காவிடம் தினமும் காலையில் தூங்கினாயா, இரவில் சாப்பிட்டாயா என்று கேட்டது அவன் ஒருவன்தான் என்றால், அந்தக் கேள்வி அவருக்கு உண்மை. கேட்டவன் பொய் என்பது நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் செய்தி. இன்னொரு முறை கைம்பெண்ணாவதைப் போன்ற செய்தி அது. அதனால்தான் அவர் உங்கள்மேல் எரிந்து விழுகிறார்.

போனைப் பிடுங்காதீர்கள். சித்தப்பா, பெரியப்பாவைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அந்தக் கும்பலுக்கு மூலதனம். குடும்பமே கேலி செய்தால் அவர் இன்னும் ரகசியமாக அனுப்புவார். "அவன் உன்னை ஏமாற்றுகிறான்" என்று ஆரம்பித்தால் அவனுக்காக வாதாட அவரிடம் இரண்டரை மாதச் செய்திகள் இருக்கின்றன, நீங்கள் தோற்றுப்போவீர்கள். இப்படிக் கேளுங்கள்: "அக்கா, அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த கஸ்டம்ஸ் பெண் அவரையும் சேர்த்து ஏமாற்றலாம் இல்லையா? கவர்மென்ட் பணம் ஏன் ஒரு ஆளுடைய சேமிப்புக் கணக்குக்குப் போகிறது?" இதற்கு அவர் அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. பெயரைப் பார்த்தால் போதும். அப்புறம் அவரே அவனிடம், "பார்சல் ரசீதும் டின் எண்ணும் அனுப்புங்கள், அலுவலகத்துக்கே நேரில் ஆள் அனுப்பிக் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். உண்மையானவன் சந்தோஷப்படுவான். இவன் முதலில் கோபப்படுவான், பிறகு அழுவான், பிறகு "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்பான். அக்கா அதைத் தன் கண்ணால் பார்த்தால் நீங்கள் நூறு தடவை சொன்னதற்குச் சமம்.

நகை விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒரு வாரத் தவணை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகள் எங்கேயும் போய்விடாது. உண்மையான பார்சல் ஒரு வாரம் கிடங்கில் கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. "இன்றைக்கு நாலு மணிக்குள்" என்பது மோசடிக்கு மட்டும்தான் அவசரம்.

போன 38,500 பற்றி. 1930-இல் புகார் பதிவானதும் அந்தத் தகவல் பணம் போன வங்கிக்குப் போகும். கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பார்கள். வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் புகாரும் அதன் பின்னாலேயே போகும். ஆனால் இந்த வாடகைக் கணக்குகளில் பணம் தங்குவதே இல்லை. ஒருவன் கமிஷனுக்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் தூக்கிக் கொடுத்திருப்பான். உள்ளே வந்த நிமிஷமே நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து ஏடிஎம்மில் நோட்டாகிவிடும். நோட்டான பணத்தை எந்த வங்கியாலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றது இதனால்தான்.

கூப்பிடும்போது பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். யூபிஐ என்றால் 12 இலக்கம். தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்பதும் வேண்டும். ஓர் ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்து அன்றைக்கே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள். அக்காவின் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. திருமங்கலம் மாவட்டக் காவல் எல்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் இருப்பதில் பக்கத்து நிலையத்துக்குப் போங்கள், எல்லையைக் காரணம் சொல்லி முதல் தகவல் அறிக்கையை மறுக்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வரும், மூன்று வருஷம் வரை சிறை. பணம் எங்காவது நிறுத்தப்பட்டிருந்தால் அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், பொறுமை வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் கலைத்துவிடுகிறேன். "மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தரும்" என்று பலர் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை வைத்து வந்த பேச்சு அது. அது வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. அக்கா தன் கையாலேயே ரகசிய 'பின்' எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார். இதில் வங்கியைப் பிடிக்க வழி மிகக் குறைவு.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், கோபத்தில் உடனே பிளாக்கும் செய்ய வேண்டாம். முதலில் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அவன் எண், அந்தப் பெண்ணின் எண், திருமணத் தளத்துப் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் பிளாக் செய்யலாம். ஆதார், பான் நகல் அனுப்பியிருக்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். அனுப்பியிருந்தால் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, அவர் பெயரில் புதுக் கடன் ஏதும் முளைக்கிறதா என்று கடன் அறிக்கையைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவன் எப்போதாவது "என் நண்பர் உன் கணக்கில் பணம் போடுவார், எடுத்து இன்னொருவருக்கு அனுப்பு" என்றானா? அப்படி வந்திருந்தால் அது வேறு யாரோ ஏமாந்த பணம். அக்காவின் கணக்கே வாடகைக் கணக்காகிவிடும், வேறு மாநிலப் போலீஸ் அவரைத் தேடி வரும். இதை மறைக்காமல் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னொருவன் கூப்பிடுவான். "சைபர் செல்லிலிருந்து பேசுகிறேன், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, 5,000 கட்டினால் விடுவிப்போம்." வக்கீல் என்பான், ஹேக்கர் என்பான். ஒரு தடவை ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. பணம் திருப்பித் தருவதற்குக் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும், உங்கள் வயதுக்காரர்களுக்கு வருவது வேறு இரண்டு உருவங்களில். ஒன்று, அழகான பெண் பழகி, பிறகு 'ட்ரேடிங் ஆப்' காட்டுவது. முதலில் போட்ட 5,000-க்கு லாபம் தந்து எடுக்கவும் விடுவார்கள். லட்சங்கள் போன பிறகு, எடுக்க 'வரி' கேட்பார்கள். பன்றியைக் கொழுக்கவைத்து வெட்டுவது என்று சீன மொழியில் இதற்குப் பெயர். மியான்மர், கம்போடியா எல்லைகளில் அடைத்துவைக்கப்பட்டவர்கள்தான் பல நேரம் அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தார்கள். இன்னொன்று, நிர்வாண வீடியோ கால் எடுத்து மிரட்டுவது. அதற்கு ஒரே பதில், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு புகார் செய்வது. முதல் ஆயிரம் கொடுத்தவனை அவர்கள் விட்டதே இல்லை.

நீங்களாகவே 1930-க்குப் பேசிவிட்டீர்களா, அல்லது அக்கா சம்மதிக்கக் காத்திருக்கிறீர்களா தெரியவில்லை. நீங்கள் பேசியிருந்தாலும் புகாரைத் தளத்தில் பதியும்போது அக்காவே உட்காரட்டும். கணக்கு அவருடையது, கேட்கிற விவரங்களும் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பரிவர்த்தனை எண்ணை மட்டும் வாசித்துக் கொடுங்கள்.